கல்லுக்குக் கண் திறக்கலாம், வாருங்கள்!

பள்ளிக்கூடம் விட்டு வரும் பையனின் சட்டைப் பையைத் துழாவிப் பாருங்கள். ஒரு பென்சில் துண்டு, ஒரு ரப்பர் வளையம், மிட்டாய் சுற்றிய காகிதம், இவற்றோடு இரண்டு மூன்று கூழாங்கற்களும் நிச்சயம் அகப்படும். "கண்ட குப்பையையும் வீட்டுக்குள் கொண்டு வருகிறாயே!" என்று தாயார் அவற்றை வாசலில் வீசி எறிவாள். மறுநாள் அதே பையில் வேறு இரண்டு கற்கள் வந்து சேரும். பிள்ளைகள் உள்ள வீடுகளில் இந்தப் போராட்டம் ஓய்வதே இல்லை.

பையன் ஏன் அந்தக் கல்லைப் பொறுக்கினான் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டுப் பார்த்தால் அவன் பதில் வைத்திருப்பான். "இது தவளை மாதிரி இருக்கு." "இது பன் ரொட்டி." "இந்தக் கல்லுக்கு மூக்கு இருக்கு, பார்." பெரியவர்களுக்குக் கல்லாகத் தெரிவது குழந்தைக்கு வேறொன்றாகத் தெரிகிறது. அவன் கண்ட தவளையை நாமும் காணும்படி செய்துவிட்டால் அது ஒரு கலை. கூழாங்கல்லில் வர்ணம் தீட்டுவது என்று அதற்குப் பெயர். மேல்நாடுகளில் குடும்பம் முழுவதும் கூடிச் செய்யும் கைவேலைகளில் இது முக்கியமான ஒன்றாகிவிட்டது. அதிகச் செலவில்லாத, மின்சாரம் வேண்டாத, ஆசிரியர் வைத்துக் கற்க வேண்டாத இந்தப் பொழுதுபோக்கை நம் வீடுகளிலும் தாராளமாகக் கைக்கொள்ளலாம்.

கல்லில் பிராணியைக் காண்பது குழந்தைகளுக்கு மட்டும் உள்ள குணம் என்று எண்ணிவிட வேண்டாம். 1975-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தைச் சேர்ந்த காரி டால் என்ற விளம்பரத் தொழிலாளர் ஒரு வேடிக்கை செய்தார். சாதாரணக் கூழாங்கல் ஒன்றை, வைக்கோல் மெத்தை போட்டு, மூச்சு விடத் துளைகள் வைத்த அட்டைப் பெட்டிக்குள் படுக்க வைத்து, வளர்ப்புப் பிராணி என்று சொல்லி விற்றார். அதை எப்படிப் பழக்குவது என்று விளக்கும் சிறு புத்தகமும் பெட்டிக்குள் இருந்தது. விலை சுமார் நான்கு டாலர். சில மாதங்களுக்குள் பத்து லட்சத்துக்கு மேல் விற்பனையாயின! வாங்கியவர்களில் வளர்ந்த மனிதர்களும் இருந்தார்கள். காலில் இடறும் கல்லுக்கு அத்தனை விலை கொடுக்கச் செய்தது எது? கல்லுக்குள் ஓர் உயிரைக் கற்பித்துப் பார்க்கும் ஆசைதான்.

பாதிச் சித்திரம் கல்லிலேயே இருக்கிறது

"எனக்குப் படம் போட வராது" என்று சொல்லாத மனிதர் அபூர்வம். வெள்ளைக் காகிதத்தை முன்னால் வைத்தால் பலருக்குக் கை நடுங்குகிறது. எங்கே ஆரம்பிப்பது, எங்கே முடிப்பது என்று தெரியாமல் விழிக்கிறோம். கல்லிடம் அந்தப் பயம் இல்லை. அதற்கு ஏற்கெனவே முதுகு உண்டு, வயிறு உண்டு, ஒரு பக்கம் கூர்மையும் ஒரு பக்கம் பருமனும் உண்டு. பாதிச் சித்திரத்தை ஆறும் வெள்ளமும் போட்டு வைத்துவிட்டன. மீதிப் பாதிதான் நம் வேலை.

மலையிலிருந்து உடைந்து விழும் கல் முதலில் கரடுமுரடாகத்தான் இருக்கும். வெள்ளம் அதை உருட்டுகிறது. கல்லோடு கல் மோதி முனைகள் முதலில் உடைகின்றன. மணல் தேய்த்து மீதியை வழவழப்பாக்குகிறது. இப்படிக் காலங்காலமாக உருண்டு வந்ததுதான் நம் கைக்குள் அடங்கும் கூழாங்கல். ஆகவே ஒரு கல்லைப்போல் இன்னொரு கல் இராது. அச்சில் வார்த்த பொம்மைக்கு இல்லாத பெருமை இது.

தட்டையான வட்டக் கல் பொறிவண்டாகும்; மேடு தட்டியிருந்தால் ஆமையாகும். ஒரு பக்கம் குறுகிய நீள்வட்டக் கல் சுண்டெலி அல்லது மீன். நிமிர்ந்து நிற்கும் முட்டைக் கல் ஆந்தை. அடி தட்டையாய் உச்சி கூம்பிய கல்லுக்குக் கதவும் ஜன்னலும் போட்டால் குடிசை வீடு. பருத்த உருண்டைக் கல்லைக் கண்டால் விடவே கூடாது. சுருண்டு படுத்துத் தூங்கும் பூனைக்கு அதைவிடப் பொருத்தமானது வேறில்லை.

பன்னீராயிரம் ஆண்டுப் பழக்கம்

இது ஏதோ நேற்றைய நாகரிகம் என்று நினைப்பவர்கள் பிரான்ஸ் தேசத்தின் தெற்கே, பிரனீஸ் மலையடிவாரத்தில் உள்ள மாஸ் தஸீல் என்ற ஊருக்குப் போக வேண்டும். அங்கே அரீஸ் என்ற ஆறு ஒரு குன்றைக் குடைந்துகொண்டு பாய்கிறது. அந்தக் குகை அவ்வளவு பெரிது. மோட்டார் சாலையே ஒரு வாயிலில் நுழைந்து மறு வாயிலில் வெளியேறுகிறது. எட்வார் பியெத் என்ற பிரெஞ்சு நீதிபதி, தொல்பொருள் ஆராய்ச்சியில் மோகம் கொண்டவர், 1887-ஆம் ஆண்டு முதல் அங்கே தோண்டினார். ஆற்றுக் கூழாங்கற்கள் பல அவருக்கு அகப்பட்டன. அவற்றின்மேல் சிவப்புக் காவியால் புள்ளிகளும் பட்டைகளும் இடப்பட்டிருந்தன.

அந்தக் கற்களுக்கு வயது சுமார் 12,000 ஆண்டுகள். கணக்கு வைத்த குறியா, சடங்குப் பொருளா, விளையாட்டா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். வாதம் எப்படி முடிந்தாலும் ஒன்று நிச்சயம். விவசாயம் அறியாத, பானை செய்யத் தெரியாத காலத்து மனிதன், வயிற்றுக்கு வேட்டையாடிய நேரம் போக, ஆற்றங்கரைக்குப் போய்க் கைக்கு அடக்கமான கல்லைத் தேர்ந்தெடுத்து, காவி குழைத்து, விரல் நுனியால் புள்ளி வைத்திருக்கிறான். இன்று அந்தக் கற்களில் பல, பாரிஸுக்கு அருகே ஸான் ஜெர்மான் நகரத்துத் தொல்பொருள் காட்சிசாலையில் பியெத் சேகரித்த பொருள்களோடு வைக்கப்பட்டிருக்கின்றன.

காவியும் புள்ளியும் நமக்கு அந்நியமானவை அல்ல. வெள்ளிக்கிழமை தோறும் வாசலில் மாக்கோலம் போட்டு, ஓரத்தில் செம்மண் பட்டை தீட்டும் கை நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. அந்தக் கைக்குக் கல் ஒரு சிறிய வாசல், அவ்வளவுதான்.

எந்தக் கல் உதவும்?

முதல் கவனம் கல்லில். கையால் தடவிப் பாருங்கள். மணல் மணலாக உதிருகிற கல்லில் வர்ணம் நிற்காது. கல்லோடு அதுவும் உதிர்ந்துவிடும். துளைத் துளையான கல் வர்ணத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். வழவழப்பான, கெட்டியான கல்லே உத்தமம். ஆரம்பத்தில் உள்ளங்கை அளவுக் கல் போதும். மிகச் சிறியதில் கண் வைக்க முடியாது; மிகப் பெரியதில் குழந்தைக்குப் பொறுமை தீர்ந்துவிடும்.

கல்லுக்காக ஆற்றைத் தேடி ஓட வேண்டியதில்லை. வீடு கட்டும் இடத்தில் ஆற்றுமணலைச் சலிக்கும்போது சல்லடையில் தங்கும் கூழாங்கற்களை மூலையில் குவித்து எறிவார்கள். மேஸ்திரியிடம் ஒரு வார்த்தை கேட்டால் அள்ளிக்கொள்ளச் சொல்லுவார். அதுவும் இல்லாவிட்டால், பூச்செடி விற்கும் இடங்களில் தோட்ட அலங்காரத்துக்கென்று மூட்டைகளில் வைத்து எடை போட்டு விற்கிறார்கள்.

கொண்டுவந்த கல்லைச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துப் பழைய பல் பிரஷினால் தேய்த்துக் கழுவ வேண்டும். பாசியும் மண்ணும் ஒட்டியிருந்தால் வர்ணம் பற்றாது. பிறகு ஒரு நாள் முழுவதும் வெயிலில் காய வேண்டும். அவசரப்பட்டு அடுப்பில் வைத்துச் சூடாக்கிவிடக் கூடாது. கல்லின் வெடிப்புகளில் தங்கிய ஈரம் ஆவியாகி, கல் வெடித்துச் சிதறி முகத்தில் தெறிக்கலாம். வெயிலைவிட நல்ல உலர்த்தி இந்த வேலைக்கு இல்லை.

வர்ணம் வாங்கும்போது

கடையில் மூன்று விதமான வர்ணங்கள் கிடைக்கும். போஸ்டர் கலர் விலை குறைவு. ஆனால் உலர்ந்த பிறகும் ஈரக் கை பட்டால் கரையும். அக்ரிலிக் வர்ணம் தண்ணீரில் குழைவது. உலர்ந்துவிட்டால் தண்ணீருக்கு அசையாது. இந்த வேலைக்கு அதுவே மிகவும் ஏற்றது. சிவப்பு, மஞ்சள், நீலம், கறுப்பு, வெள்ளை என்று ஐந்து சிறிய புட்டிகள் இருந்தால் மற்ற நிறங்களைக் கலந்து செய்துகொள்ளலாம். கலந்து செய்வதே குழந்தைக்குப் பெரிய வித்தை. மஞ்சளும் நீலமும் சேர்ந்து பச்சையாகும்போது அவன் கண்கள் விரிவதைப் பார்க்க வேண்டும்!

மூன்றாவது, கதவு ஜன்னலுக்கு அடிக்கும் எனாமல் பெயிண்ட். பரணில் பழைய டப்பா ஒன்று கிடக்கிறதே, அதை உபயோகித்தால் என்ன என்று தோன்றும். கூடவே கூடாது. பழைய பெயிண்ட்டில் ஈயம் கலந்திருக்கக்கூடும். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் விஷம். வீட்டுப் பெயிண்ட்டில் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது என்று இந்திய அரசாங்கம் 2016-இல் விதி செய்தது. 2017 நவம்பர் முதல் தேதியிலிருந்து அது அமலுக்கு வந்தது. அதற்கு முந்திய டப்பாக்களைக் குழந்தைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வைப்பதே விவேகம்.

வேலையின் வரிசை இதுதான். முதலில் கல் முழுவதும் வெள்ளை ஒரு பூச்சு. கறுத்த கல்லின்மேல் நேராக மஞ்சள் பூசினால் மங்கிப்போகும், வெள்ளையின்மேல் பூசினால் பளிச்சிடும். அது உலர்ந்ததும் பென்சிலால் உருவத்தை லேசாகக் கோடிட்டுக்கொள்ள வேண்டும். பெரிய பாகங்களை முதலில் தீட்டி, உலரவிட்டு, பிறகுதான் நுட்பமான கோடுகள். ஒன்று உலருமுன் இன்னொன்றைப் பூசினால் இரண்டும் கலந்து சேறாகிவிடும். புள்ளி வைக்கத் தூரிகையே வேண்டாம். தீக்குச்சியின் முனை ஒரு அளவு, ஆணியின் தலை ஒரு அளவு, குண்டூசித் தலை ஒரு அளவு. வர்ணத்தில் தொட்டுச் செங்குத்தாக வைத்து எடுத்தால் அச்சு வட்டமாக விழும்.

எல்லாவற்றுக்கும் கடைசியில் கண். சிற்பிகள் சிலைக்குக் கடைசியில்தான் கண் திறப்பார்கள். கல் பூனைக்கும் அதே முறைதான். கறுப்பு விழியின்மேல் ஊசி முனை அளவு வெள்ளைப் புள்ளி ஒன்று வைக்க வேண்டும். இரண்டு கண்களிலும் அந்தப் புள்ளி ஒரே பக்கத்தில் விழ வேண்டும். அதுவரை கல்லாக இருந்தது சட்டென்று நம்மைத் திரும்பிப் பார்க்கும். புள்ளி பக்கம் மாறிவிட்டாலோ, பூனைக்கு மாறுகண்!

யாருக்கு என்ன வேலை?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்று வைத்துக்கொள்வோம். கூடத்தில் பழைய செய்தித்தாளை விரித்தாகிவிட்டது. நடுவே வர்ணத் தட்டு. நாலு வயதுக் குழந்தைக்குக் கோடு போட வராது. ஆனால் கல் முழுவதும் வெள்ளை பூசுவதில் அவனை மிஞ்ச ஆள் இல்லை. கையிலும் மூக்கிலும் பூசிக்கொண்டாலும் வேலை நடந்துவிடும். பத்து வயதுப் பெண் எந்தக் கல் எந்தப் பிராணி என்று தீர்மானிப்பாள். அவள் தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது. தகப்பனாருக்கு ஒரு கல்லைக் கொடுத்து ஆந்தை வரையச் சொன்னால், அரை மணி நேரம் கழித்து அது உருளைக்கிழங்காக வெளிவரும். ஆபீஸில் யாருக்கும் அசையாத மனிதர், பெண் சிரிப்பதைக் கண்டு தாமும் சிரித்துவிடுவார்.

இவர்களுக்கு நடுவே பாட்டியைப் பாருங்கள். "எனக்கெதுக்கடி இதெல்லாம்?" என்றுதான் முதலில் சொல்லுவாள். ஒரு தட்டைக் கல்லையும் ஒரு குச்சியையும் கையில் வைத்தால் போதும். ஐம்பது வருஷம் விடியற்காலையில் குனிந்து புள்ளி வைத்த கை அது. அளந்து பார்க்காமலே சமமான இடைவெளியில் புள்ளிகள் விழும். அவற்றைச் சுற்றி ஒரே இழுப்பில் இழைக்கோலம் வளைந்து வரும். "பாட்டி, நீ எங்கே கத்துண்டே?" என்று பேத்தி வாயைப் பிளப்பாள். வீட்டிலேயே சிறந்த ஓவியர் யார் என்று அன்றைக்குத்தான் எல்லாருக்கும் தெரியவரும்.

இந்தக் காலத்தில் ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஆளுக்கொரு மூலையில் ஆளுக்கொரு திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். நாலு வயதும் எழுபது வயதும் ஒரே தட்டிலிருந்து தொட்டு, ஒரே வேலையைச் செய்யும் சந்தர்ப்பங்கள் வெகு குறைவு. சீட்டாட்டத்தில் சிறியவன் தோற்பான். ஓடிப்பிடிப்பதில் பெரியவர் தோற்பார். கல் வேலையில் தோற்பவர் இல்லை. கோணலாக வந்த ஆந்தையைத் தூக்கி எறியும் அவசியமும் இல்லை. வெள்ளையைப் பூசி மறைத்துவிட்டு மறுபடி தொடங்கலாம். தப்பைப் பொறுத்துக்கொள்வதில் கல்லைப்போல் வாத்தியார் கிடையாது.

தீட்டிய கற்களை என்ன செய்வது?

மேஜைமேல் காகிதம் பறக்காமல் வைக்கலாம் என்பது யாவரும் அறிந்தது. அதோடு நின்றுவிட வேண்டாம்.

மூன்று கற்களில் புலி முகமும் பதினைந்து கற்களில் ஆட்டு முகமும் தீட்டிவிட்டால் ஆடு புலி ஆட்டத்துக்குச் சொந்தக் காய்கள் தயார். கட்டத்தைத் தரையில் சாக்கட்டியால் போட்டுக்கொள்ளலாம்.

இன்னொன்று கதைப் பை. ஒரு கல்லில் சூரியன், ஒன்றில் கிணறு, ஒன்றில் குரங்கு, ஒன்றில் பூட்டு, ஒன்றில் மாம்பழம் என்று இருபது கற்களில் சிறு படங்கள் தீட்டித் துணிப் பையில் போட்டுவிடுங்கள். இரவில் குழந்தை கையை விட்டு ஐந்து கற்களை எடுக்கும். அந்த ஐந்தையும் சேர்த்துத் தாத்தா ஒரு கதை சொல்ல வேண்டும். மறுநாள் தாத்தா எடுக்க, குழந்தை சொல்ல வேண்டும். கதை தெரியாது என்று தப்பித்துக்கொள்ள இருவருக்கும் வழியில்லை.

பச்சைக் கற்களில் வெள்ளைக் கோடுகளை முள்போல் இட்டு, மண் நிரப்பிய சிறு தொட்டியில் செருகினால் தண்ணீர் கேட்காத கள்ளிச் செடி. நவராத்திரி வந்தால் இருக்கவே இருக்கிறது கொலு. படிகளுக்குக் கீழே குழந்தைகள் அமைக்கும் தோட்டத்துக்கும் கிராமத்துக்கும் வீடுகள், ஆடு மாடுகள், கோவில் எல்லாம் கல்லிலேயே அமைந்துவிடும். வருஷா வருஷம் ஏழெட்டுக் கற்கள் சேர்ந்தால் பத்து வருஷத்தில் அது ஒரு பட்டணம். ஒவ்வொரு கல்லின் அடியிலும் செய்தவர் பெயரும் வருஷமும் எழுதி வைப்பது நல்லது. பின்னாளில் அந்தப் பட்டணமே குடும்பச் சரித்திரமாகும்.

ஒரே ஓர் எச்சரிக்கை. தவழும் குழந்தை இருக்கும் வீட்டில், அதன் வாய்க்குள் போகும் அளவுள்ள கல் எதுவும் தரையில் கிடக்கக் கூடாது. மீன் தொட்டியிலும் பறவைகளுக்குத் தண்ணீர் வைக்கும் சட்டியிலும் வர்ணக் கல்லைப் போடக் கூடாது.

முகம் தெரியாதவருக்கு ஒரு கல்

2015-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாஸசூஸெட்ஸ் மாகாணத்தில் உள்ள கேப் காட் கடற்கரையில் ஒரு பெண்மணி, கூழாங்கற்களில் ஆறுதல் வார்த்தைகள் எழுதி, நடப்பவர்கள் கண்ணில் படும்படி போட்டுவைத்தார். மனம் சோர்ந்த யாரேனும் எடுத்துப் படிக்கட்டும் என்பது நோக்கம். அதைக் கண்டவர்கள் தாங்களும் எழுதி வைக்க ஆரம்பித்தார்கள். பழக்கம் தேசம் விட்டுத் தேசம் பரவியது.

அதன் முழு அருமை 2020-இல் தெரிந்தது. கொரோனா நோய்க்காக அந்த ஆண்டு மார்ச் 23-ஆம் தேதி பிரிட்டிஷ் மக்கள் வீட்டுக்குள் இருக்கும்படி உத்தரவாயிற்று. தேகப்பயிற்சிக்காக நாளைக்கு ஒரு தடவை மட்டும் வெளியே நடந்துவர அனுமதி. பள்ளிகள் மூடிவிட்டன, பேரன் பேத்திகள் தாத்தா பாட்டியைப் பார்க்க முடியவில்லை. அந்தச் சமயத்தில் ஊருக்கு ஊர் பூங்கா ஓரங்களிலும் நடைபாதை ஓரங்களிலும் கல் பாம்புகள் முளைத்தன. பாம்பின் தலையாக ஒரு பெரிய வர்ணக் கல். பக்கத்தில், "உங்கள் கல்லையும் சேருங்கள்" என்று ஓர் அட்டை. ஒவ்வொரு குடும்பமும் வீட்டில் ஒரு கல்லைத் தீட்டி, உலாவ வரும்போது முந்தின கல்லின் பின்னே வைத்துவிட்டுப் போகும். மறுநாள் வந்து பார்த்தால் தங்கள் கல்லுக்குப் பின்னால் இன்னும் பத்துக் கற்கள்! யார் வைத்தார்கள் என்று தெரியாது. ஆனால் யாரோ வந்து போயிருக்கிறார்கள் என்பது தெரியும். மனிதர் முகத்தை மனிதர் பார்க்க அஞ்சிய நாட்களில் அந்தச் சிறுவர் சிறுமியருக்கு அது எத்தனை பெரிய துணை! நோய் தணிந்த பிறகு சில ஊர்களில் அக்கற்களைச் சிமெண்டில் பதித்து நினைவுச் சின்னமாக வைத்தார்கள்.

எடுப்பதிலும் வைப்பதிலும் தர்மம் உண்டு

இவ்வளவு நல்ல பழக்கத்துக்கும் ஒரு மறுபக்கம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை அரைகுறையாகும்.

அமெரிக்க தேசியப் பூங்காக்களின் அதிகாரிகள் வர்ணக் கற்களைக் கொண்டுவந்து போடாதீர்கள் என்று மக்களை வேண்டிக்கொள்கிறார்கள். அங்கிருந்து கல்லை எடுப்பதும் சட்ட விரோதம். தீட்டிய கல்லைக் கொண்டுபோய் வைப்பதும் குப்பை போடுவதற்குச் சமானம். காடும் மலையும் இயற்கையாக இருப்பதைக் காணவே ஜனங்கள் வருகிறார்கள். வர்ணமோ வெயிலிலும் மழையிலும் உரிந்து மண்ணிலும் நீரிலும் கலக்கிறது. அக்ரிலிக் வர்ணம் என்பது பிளாஸ்டிக்கின் ஒரு வகையே அல்லவா?

எடுப்பது இன்னும் பெரிய விஷயம். இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் கிராக்கிங்டன் ஹேவன் என்ற சிறு கடற்கரை இருக்கிறது. அங்கே கூழாங்கல் எடுத்தால் 1,000 பவுன் வரை அபராதம் விதிக்கப்படலாம் என்று 2018-இல் எச்சரிக்கைப் பலகை வைத்தார்கள். 1949-ஆம் ஆண்டின் கடற்கரைப் பாதுகாப்புச் சட்டம் அதற்கு ஆதாரம். ஒரு கல்லுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று கேட்கலாம். அலையின் வேகத்தை முதலில் தாங்கிக்கொள்வது அந்தக் கற்குவியல்தான். வருகிறவர் ஒவ்வொருவரும் ஒரு கல்லாக எடுத்துப் போனால், அலைக்கும் ஊருக்கும் நடுவே நிற்பது என்ன?

அமெரிக்காவில் அரிஸோனா மாகாணத்தில் கல்லாய்ச் சமைந்த மரங்கள் நிறைந்த தேசியப் பூங்கா ஒன்று உண்டு. நம் விழுப்புரம் ஜில்லாவில் திருவக்கரையில் உள்ள கல்மரங்களைப் பார்த்தவர்களுக்கு அது எப்படி இருக்கும் என்று ஊகிக்க முடியும். அங்கே வந்தவர்களில் சிலர் ஒரு துண்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். பிறகு மனம் உறுத்த, மன்னிப்புக் கடிதத்தோடு அதைத் தபாலில் திருப்பி அனுப்புவார்கள். அப்படி வந்த கற்களை மறுபடி பழைய இடத்தில் வைக்க முடிவதில்லை. எந்த மரத்தடியில், எந்த மண் அடுக்கில் கிடந்தது என்று தெரியாமல் வைத்தால் ஆராய்ச்சியாளர்களின் கணக்குத் தப்பிவிடும். ஆகவே பூங்காவில் ஓர் ஓரமாக அவை குவிந்து கிடக்கின்றன. மனச்சாட்சிக் குவியல் என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். எடுப்பது ஒரு கணம். திருப்பி வைக்க வழியே இல்லை.

நம் ஆறுகளுக்கும் இது பொருந்தும். நீரோடையில் ஒரு கூழாங்கல்லைப் புரட்டிப் பாருங்கள். அடிப்புறத்தில் தட்டாரப் பூச்சியின் குஞ்சுகளும் வேறு சிறு பூச்சிகளின் குஞ்சுகளும் ஒட்டிக்கொண்டிருக்கும். அவற்றைத் தின்று மீன் வாழ்கிறது. மீனைத் தின்று பறவை வாழ்கிறது. நமக்கு அது கல். அவற்றுக்கு வீட்டுக் கூரை. மணலை அள்ளி அள்ளி நம் ஆறுகள் பட்ட பாடு போதாதா? பொழுதுபோக்கின் பெயரால் கல்லையும் அள்ள வேண்டாம். மணல் சலித்த குவியலும் செடிக் கடை மூட்டையும் இருக்கும்போது ஓடையைத் தொந்தரவு செய்ய அவசியமே இல்லை.

வைப்பதற்கும் இடம் பார்த்து வைக்க வேண்டும். சொந்த வாசல், நண்பர் வீட்டு ஜன்னல், பள்ளிக்கூடத்துத் தோட்டம், அனுமதி கேட்டுக்கொண்டு ஆஸ்பத்திரி வராந்தா, இவை போதும். போகிற இடத்தில் மரத்தடியில் வைத்துவிட்டு வரலாம் என்று எண்ணாதீர்கள். நம் ஊரில் வர்ணம் தீட்டிய கல்லை மரத்தடியில் வைத்தால் மறுநாள் யாரேனும் மஞ்சள் குங்குமம் வைத்துக் கற்பூரம் ஏற்றிவிடுவார்கள். பிறகு அதை எடுக்கும் தைரியம் வைத்தவருக்கே வராது!

குழந்தைக்கு இந்த இரண்டு பாடங்களும் சேர்ந்தே போக வேண்டும். கல்லில் ஒரு தவளையைக் காணக் கற்றவனுக்கு, கல்லின் அடியில் உள்ள பூச்சியைக் காணவும் கற்பிக்கலாம். முதலாவது கலை, இரண்டாவது கருணை. ஒன்றை மட்டும் கற்றுக் கொடுத்தால் வீட்டு அலமாரி நிறையும், ஓடை வெறுமையாகும்.

ஆகையால் அடுத்த தடவை பையனின் சட்டைப் பையில் கல் அகப்பட்டால் வாசலில் எறிவதற்குமுன், "எங்கே எடுத்தாய்? இது என்ன?" என்று இரண்டு கேள்விகள் கேளுங்கள். முதல் கேள்விக்குச் சரியான பதில் வந்தால், இரண்டாவது கேள்விக்கு அவன் சொல்லும் பதிலைத் தீட்டிப் பார்ப்பதற்கு ஐந்து புட்டி வர்ணமும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போதும். பாட்டியையும் கூப்பிட மறக்க வேண்டாம்.